முன்சா: அகழிக்குள் உலை கிடைத்தால் இரண்டும் ஒரே காலமா?

#1 செம்மண்

மேற்கு உகாண்டாவின் முன்சா பற்றித் தேடினால் ஒரே வரிதான் சுற்றிச் சுற்றி வருகிறது: "அகழி சூழ்ந்த தலைநகரம், உள்ளே இரும்பு ஆலை, கட்டியவர்கள் சுவேசி மன்னர்கள்." (சுவேசி என்பது அந்த வட்டார வாய்மொழிக் கதைகள் சொல்லும் பழைய அரச வம்சம்.) இந்த ஒரு வரிக்குள் மூன்று தனித்தனி முடிவுகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆதாரம் ஒரே அளவில் இல்லை என்பது என் வாதம்.

தெரிந்த விஷயங்களை முதலில் வைத்துவிடுகிறேன். இடம் ககுமிரோ மாவட்டம், பழைய புன்யோரோ நாட்டின் தென்கிழக்கு. நடுவில் பாறைகள் துருத்திக்கொண்டு நிற்கும் ஒரு குன்று. அதைச் சுற்றி அகழிகள். சில 'வி' வடிவ வெட்டு, சில அகன்று தட்டையான அடி. பெரியவை மேல்விளிம்பில் ஏறத்தாழ 7 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். தொல்லியலாளர் பீட்டர் ராபர்ட்ஷா 1988 முதல் 1995 வரை பல பருவங்களில் இங்கே தோண்டினார். பானை ஓடுகள், இரும்புக் கத்திகள், களிமண் பூசிய தானியக் குழிகள், மனிதப் புதைப்புகள், கண்ணாடி மணிகள், சிதையாத ஓர் இரும்பு உருக்கு உலை. இவ்வளவும் கிடைத்தன. அகழிகளுக்குச் சொல்லப்படும் காலம் சுமார் கி.பி. 1400–1650. ஆனால் அகழி வெட்டுவதற்கு முன்பே குன்றில் ஆட்கள் வாழ்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: உலை எந்தக் காலத்துக்கு? அகழிக்கு முந்திய ஊருக்கா, அகழி வெட்டியவர்களுக்கா?

#2 அடுக்குவரி

நல்ல கேள்வி. ஆனால் அதற்கு முன் ஒரு படி இருக்கிறது. "அகழியின் காலம்" என்று சொல்லும்போது எதன் காலத்தைச் சொல்கிறோம்?

அகழி என்பது இல்லாத மண். வெட்டிய நாளன்று உள்ளே ஒன்றும் இருக்காது. நாம் காலம் கணிப்பது எல்லாமே பிறகு உள்ளே விழுந்ததை வைத்துத்தான். செம்மண்ணில் வெட்டினால் முதல் மழையிலேயே சுவர் சரியும். அடியில் முதல் 30–40 செ.மீ. கரடுமுரடான மண், கட்டிகளோடு, இரண்டு பக்கமும் சாய்வாகப் படியும். அது சில ஆண்டுகளிலேயே நடந்துவிடும். அதற்கு மேலே மெல்லிய வண்டல். அது பல தலைமுறைக் கணக்கு. எல்லாவற்றுக்கும் மேலே புல் பிடித்த மேல்மண். கரித்துண்டை எந்த அடுக்கிலிருந்து எடுத்தோம் என்பது இல்லாத கார்பன்-14 தேதிக்கு மதிப்பே இல்லை.

அடியிலிருந்து எடுத்தாலும் இரண்டு சிக்கல். ஒன்று, அகழியைப் பராமரித்திருந்தால் அவ்வப்போது தூர் வாரியிருப்பார்கள். அப்போது அடியில் மிஞ்சுவது கடைசியாகத் தூர் வாரியதற்குப் பிந்திய மண். வெட்டிய காலம் அதில் இல்லை. கைவிட்ட காலம்தான் இருக்கிறது. இன்னொன்று, குன்றின் மேல் 400 ஆண்டு பழைய குப்பைமேடு இருந்தால் அதன் கரி மழையில் உருண்டு அகழிக்குள் வரும். அப்போது தேதி தேவைக்கு மேல் பழையதாகக் காட்டும்.

வெட்டிய காலம் வேண்டுமென்றால் அகழியை விட்டுவிட்டுக் கரையைத் தோண்ட வேண்டும். அள்ளிக் கொட்டிய மண்ணுக்கு அடியில் அன்றைய தரை அப்படியே மூடப்பட்டிருக்கும். கருத்த, வேர்த்தடம் உள்ள மெல்லிய அடுக்கு. அதிலிருக்கும் மிக இளைய கரி, "இதற்குப் பிறகுதான் கொட்டினார்கள்" என்று உறுதியாகச் சொல்லும். கரை உழவில் கரைந்துபோன இடத்தில் இது கிடைக்காது. அதுதான் பெரும்பாலான இடத்தில் நிலைமை.

#3 செம்மண்

அப்படியானால் 1400–1650 என்ற 250 ஆண்டு இடைவெளி, தோண்டியவர்களின் தயக்கமா, முறையின் குறையா?

#4 அடுக்குவரி

பெரும்பகுதி வளைவின் குறை. கார்பன்-14 அளவீட்டை நாட்காட்டி ஆண்டாக மாற்றும் வளைவு, சுமார் 1480 முதல் 1640 வரை ஏறி இறங்கிக் கிட்டத்தட்டப் படுத்துக்கிடக்கிறது. ஆய்வகம் 330 ± 30 (1950-இலிருந்து பின்னோக்கி எண்ணும் கார்பன் ஆண்டு) என்று துல்லியமாகக் கொடுத்தாலும், மாற்றிப் பார்த்தால் அந்த 160 ஆண்டில் எது வேண்டுமானாலும் இருக்கலாம். 1650-க்குப் பிறகு இன்னும் மோசம். 20ஆம் நூற்றாண்டு வரை விரிந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. முன்சா நிலநடுக்கோட்டுக்குச் சற்று வடக்கே. வடகோள வளைவைப் போடுவதா, தென்கோள வளைவைப் போடுவதா என்பதில் சில பத்தாண்டு வித்தியாசம் வரும். இரண்டையும் கலந்து போடுவதே இப்போதைய வழக்கம். பழைய அறிக்கையில் உள்ள தேதியை அப்படியே எடுத்து புதிய தேதியோடு ஒப்பிடாதீர்கள். மூல அளவீட்டை எடுத்து இரண்டையும் ஒரே வளைவில் மறுபடி மாற்றுங்கள்.

#5 கசடுக்கல்

உலைப் பக்கம் வருகிறேன். முதலில், தரையில் ஒரு வட்டமான சுட்ட குழி கிடைத்தால் அது உலைதானா என்று பார்க்க வேண்டும். முன்சாவில் தானியக் குழியும் உண்டு, உலையும் உண்டு. அதனால் இந்த வேறுபாடு இங்கே முக்கியம்.

தானியக் குழியில் களிமண் பூச்சு வழவழப்பாக, ஒரே நிறத்தில் இருக்கும். சுடாத மண், நீரில் போட்டால் கரையும். உலைச் சுவரைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் உள்ளிருந்து வெளியே நான்கு வரிசை தெரியும்: கண்ணாடிபோல உருகிய பச்சை-கருப்புப் பளபளப்பு, அதன் பின்னே காற்றில்லாமல் வெந்த சாம்பல் நிறம், அதன் பின்னே காற்றுபட்டு வெந்த செங்கல் சிவப்பு, பிறகு இயல்பான மண். இந்த வரிசை தலைகீழாக இருந்தாலோ, சிவப்பு மட்டுமே இருந்தாலோ அது அடுப்பாகவோ எரிந்த வீட்டுச் சுவராகவோ இருக்கலாம்.

அடுத்து கசடு, அதாவது இரும்பை உருக்கும்போதும் அடிக்கும்போதும் பிரியும் கழிவு. எல்லாவற்றையும் "இரும்புக் கசடு" என்று ஒரே பையில் போட்டு எடை எழுதுவது இன்னும் நடக்கிறது. குறைந்தது மூன்றாகப் பிரிக்க வேண்டும். உலைக்கு வெளியே வடித்த கசடு மேற்பரப்பில் கயிறு முறுக்கிய மாதிரி ஓடிய தடத்தோடு, அடர்த்தியாக இருக்கும். குழிக்குள்ளேயே இறங்கி உறைந்த கசடு பெரிய கட்டியாக, அடியில் புல், நாணல், மரக்குச்சி அச்சோடு வரும். பெரிய ஏரிகள் வட்டாரத்தில் இந்தக் குழிக்கசடு வகை அதிகம். மூன்றாவது கொல்லன் பட்டறைக் கசடு: மேலே தட்டை, கீழே குவிந்து புடைத்த சிறு அப்பம். இது உருக்கியதற்குச் சாட்சி ஆகாது. அடித்துக் கருவி செய்ததற்கு மட்டும்தான் சாட்சி.

பட்டறை எங்கே என்று பார்க்கக் காந்தம் போதும். தரையை 50 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அரை லிட்டர் மண்ணைக் காயவைத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்ட காந்தத்தை மேலே நகர்த்துங்கள். சம்மட்டி அடியில் தெறித்த செதில்கள் ஒட்டிக்கொள்ளும். ஆனால் உகாண்டா மண் லேட்டரைட், இரும்புச்சத்து மிகுந்து இறுகிய செம்மண். இயற்கையான இரும்புக் குருணையும் காந்தத்தில் ஒட்டும். எடையை மட்டும் எழுதினால் முழுத் தளமும் பட்டறையாகத் தெரியும். பத்து மடங்கு உருப்பெருக்கியில் பார்த்து, தட்டையான சாம்பல்-கருப்பு மினுமினுப்புச் செதிலை மட்டும் எண்ண வேண்டும்.

#6 தென்கரை

ஒரே ஓர் உலையை வைத்து "இரும்பு ஆலை" என்று எழுதுவது எப்படி? ஓர் உலை எவ்வளவு இரும்பு தரும்?

#7 கசடுக்கல்

காகிதக் கணக்கு போடலாம். 10 கிலோ தாது. அதில் இரும்பு 60 சதவீதம், மணற்சத்து (சிலிக்கா) 10 சதவீதம் என்று வையுங்கள். இரும்பு 6 கிலோ, சிலிக்கா 1 கிலோ. இந்த வகை உலையில் சிலிக்காவை வெளியேற்ற இரும்பைத்தான் கூலியாகக் கொடுக்க வேண்டும். கசடு பெரும்பாலும் ஃபயலைட், அதாவது இரும்பும் சிலிக்காவும் சேர்ந்த கனிமம். அதில் சிலிக்கா சுமார் 30 சதவீதம். ஆக 1 கிலோ சிலிக்கா 3.4 கிலோ கசடாகும், அதோடு 1.9 கிலோ இரும்பு போய்விடும். மிச்சம் 4.1 கிலோ. இது உச்சவரம்பு. நடைமுறையில் உலைச் சுவரும் ஊதும் சுடுமண் குழாயும் உருகிக் கூடுதல் சிலிக்காவைக் கொடுக்கும், இரும்பு இன்னும் குறையும். பிறகு பஞ்சுபோல வரும் கட்டியை அடித்துக் கசடை வெளியேற்றும்போது பாதி அளவுக்கும் இழப்பு வரலாம். கையில் மிஞ்சுவது சில மண்வெட்டித் தகடுகள்.

இந்தக் கணக்கை மாற்றும் ஒரு விஷயம் மாங்கனீசு. மேற்கு உகாண்டாவின் ம்வெங்கே பகுதியில் லூயிஸ் ஐல்ஸ் செய்த கசடு ஆய்வில், மாங்கனீசு மிகுந்த தாதைச் சேர்த்து உருக்கியிருப்பது தெரிகிறது. இந்த வெப்பத்தில் மாங்கனீசு உலோகமாகாது. கசடிலேயே இரும்பின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்த அளவுக்கு இரும்பு தப்பிக்கும். வேலை தெரிந்தவர்கள் செய்தது.

மாதிரி எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. உகாண்டாவில் ஒரே உருக்கலில் வந்த கசடுக் கட்டியைப் பல இடங்களில் வெட்டிச் சோதித்தபோது, ஒரே கட்டிக்குள்ளேயே வேதிச்சேர்க்கை கணிசமாக மாறியது. ஒரு துண்டை மட்டும் அனுப்பிவிட்டு "இரண்டு உலைக்கும் தொழில்நுட்பம் வேறு" என்று எழுதக் கூடாது.

#8 புதுமண்

தான்சானியாவின் ஹாயா மக்கள் 2,000 ஆண்டுக்கு முன்பே காற்றைச் சூடாக்கி ஊதி 1,800 டிகிரி எட்டினார்கள், ஐரோப்பா 19ஆம் நூற்றாண்டில்தான் அதைச் செய்தது என்று படித்தேனே? முன்சாவிலும் அதே நுட்பமா?

#9 கசடுக்கல்

அது பீட்டர் ஷ்மிட், டொனால்ட் ஏவரி இருவரும் 1978-இல் வைத்த கருத்து. ஹாயா முதியவர்கள் மறுபடி கட்டிக் காட்டிய உலை இப்படி: சதுப்புப் புல்லை எரித்து நிரப்பிய குழி, அதன் மேல் பழைய கசடும் புற்றுமண்ணும் வைத்துக் கட்டிய கூம்பு, ஆள் மார்பளவு, எட்டுத் துருத்தி, எட்டுக் குழாய். குழாய்கள் சுவரோடு நிற்காமல் உலைக்குள் நீண்டு நுழைகின்றன. அதனால் உள்ளே போகும் காற்று குழாயிலேயே சூடாகிறது என்பது அவர்கள் வாதம்.

டேவிட் கில்லிக் போன்ற பழங்கால உலோகத் தொழில் ஆய்வாளர்கள் இதை ஏற்கவில்லை. என் கையும் அந்தப் பக்கம்தான். களிமண் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும், துருத்திக் காற்று குழாயைக் கடப்பது நொடியின் சிறு பங்கு, சூடாக நேரமில்லை. குழாய் வாயில் மட்டும் அளந்தால் குளிர்ந்த காற்றிலேயே மரக்கரி மிக அதிக வெப்பம் காட்டும். அது ஒரு புள்ளி, உலை முழுக்க அல்ல. இன்னொன்றும் பாருங்கள். ஃபயலைட் கசடு 1,200 டிகிரி சுமாரில் உருகி ஓடும், அதுவே போதும். இரும்பு 1,538 டிகிரியில் உருகுகிறது. இந்த உலையில் உருகத் தேவையே இல்லை. அளவுக்கு மீறிச் சூடாகிக் கரியும் மிகுந்தால் இரும்பு கரியை உறிஞ்சி வார்ப்பிரும்பாகிவிடும். அதைச் சம்மட்டியால் அடித்தால் நொறுங்கும். கொல்லனுக்கு அது நஷ்டம்.

குழாய் உள்ளே நீண்டிருந்ததா என்று தொல்லியலில் பார்க்க வழி உண்டு: உடைந்த குழாயின் வெளிப்புறம் எத்தனை செ.மீ. வரை உருகிக் கண்ணாடியாகியிருக்கிறது என்று அளந்தால் போதும். முன்சா உலையை ஹாயா உலையோடு ஒப்பிட அந்த அளவு வேண்டும். புற்றுமண்ணைக் குழாய்க்குப் பயன்படுத்தியது மட்டும் எல்லா இடத்திலும் நல்ல முடிவு. நுண்ணிய களிமண், சீக்கிரம் வெடிக்காது.

#10 தென்கரை

அகழிக்கு வருவோம். "இவ்வளவு பெரிய அகழிக்கு ஒரு பேரரசு வேண்டும்" என்பதுதான் சுவேசிக் கதைக்கு அடித்தளம். கணக்கு அதைத் தாங்குகிறதா?

மேல் 7 மீ., அடி 2 மீ., ஆழம் 3 மீ. என்று வைத்தால் குறுக்குவெட்டு 13.5 சதுர மீட்டர். 1 கி.மீ. நீளத்துக்கு 13,500 கன மீட்டர். ஓர் ஆள் இரும்பு மண்வெட்டியும் கூடையும் வைத்து, தோண்டி மேலே ஏற்றிக் கொட்டுவதுவரை நாளுக்கு 1.5 கன மீட்டர் என்று வையுங்கள். 9,000 ஆள்-நாள். 150 பேர் இறங்கினால் 60 நாள். டிசம்பர்–பிப்ரவரி வெயில் பருவத்துக்குள் முடிந்துவிடும். பத்து இருபது ஊர் சேர்ந்தால் போதும், சக்கரவர்த்தி தேவையில்லை.

தெற்கே கடோங்கா ஆற்றங்கரையில் இருக்கும் பிகோ ப்யா முகென்யி வேறு கதை. அகழிகள் மொத்தம் 10 கி.மீ.-க்கு மேல். அங்கே ஆள் திரட்டும் அதிகாரம் இருந்திருக்கும் என்பேன்.

#11 அடுக்குவரி

கணக்கு சரி, ஆனால் மண்ணை எளிதாக எடுத்துவிட்டீர்கள். இரண்டு மீட்டருக்குக் கீழே லேட்டரைட் பாறை வந்தால் நாளுக்கு அரை கன மீட்டர் தாண்டாது. முழு அகழியும் அப்படியென்றால் அதே 150 பேருக்கு 180 நாள், இரண்டு மூன்று வெயில் பருவம். ஆனாலும் உங்கள் முடிவு பெரிதாக ஆடவில்லை.

தலைநகரம் என்ற பட்டத்தில் எனக்கு வேறு இடறல். இந்த வட்டாரத்தில் பெரிய, அடர்த்தியான குடியிருப்பு என்றால் அது ந்டுசி. 11 முதல் 15ஆம் நூற்றாண்டு, மலைபோல் குவிந்த குப்பைமேடுகள், அவ்வளவும் மாட்டெலும்பு. அங்கே இந்த மாதிரி சுற்றகழி இல்லை. பிகோவில் ஷின்னி 1957-இலும் போஸ்னான்ஸ்கி 1960-இலும் தோண்டினார்கள். அகழியின் நீளத்தோடு ஒப்பிட்டால் குடியிருப்புக் குப்பை கொஞ்சம்தான். அகழி பெரிதாக இருக்கும் இடத்தில் ஊர் சிறிது, ஊர் பெரிதாக இருக்கும் இடத்தில் அகழி இல்லை.

அகழி போருக்கா, மாட்டை அடைக்கவா, யானையிடமிருந்து பயிரைக் காக்கவா? பார்க்க வேண்டியது கரை எந்தப் பக்கம் என்பதுதான். போருக்கென்றால் மண்ணை உள்பக்கம் கொட்டுவார்கள். உயரம் கூடும், மேலே முள்வேலி வைக்கலாம். வாயில்கள் நிறைய, அகலமாக இருந்தால் கோட்டை என்று சொல்வது கடினம். யானையை 'வி' அகழி நிறுத்தும், எதிரியை நிறுத்தாது.

#12 ஓட்டுச்சில்லு

பானை ஓட்டைக் கேட்காமல் இத்தனை தூரம் போய்விட்டீர்களே! கரி எங்கும் உருளும். ஆனால் ஓட்டின் அலங்காரம் குறைந்தபட்சம் ஆயிரமாண்டைப் பிரித்துக் கொடுக்கும்.

இங்கே பழையது உரேவே வகை: சாய்த்துச் சீவிய வாய்விளிம்பு, கோடு கீறிய அலங்காரம், சிலவற்றில் அடியில் விரல் குழி. கி.பி. இரண்டாம் ஆயிரமாண்டில் அது போய், உருட்டு அலங்காரம் வருகிறது. முறுக்கிய கயிறையோ முடிச்சிட்ட ஓலைப் பட்டையையோ ஈரப் பானைமேல் உருட்டினால் திரும்பத் திரும்ப வரும் அச்சு. ஓட்டைக் கையில் வைத்து ஊகிக்காதீர்கள். மாவுக்களிமண்ணை அச்சில் அழுத்தி எடுத்து, அந்த நேர்ப்படிமத்தைப் பக்கவெளிச்சத்தில் பாருங்கள். கயிறு முறுக்கின் திசை, முடிச்சின் இடைவெளி இரண்டும் தெளிவாகத் தெரியும். தேய்ந்த ஓட்டில் இரண்டு வகையும் ஒன்றுபோலத் தோன்றும். பாதிக் குழப்பம் அங்கேதான்.

உலையைச் சுற்றியுள்ள மண்ணில் கிடைக்கும் ஓடு உலையின் காலத்தைச் சொல்லாது. உலைச் சுவருக்குள் கலந்து கட்டிய ஓடு சொல்லும்: சுவர் அந்த ஓட்டை விடப் பிந்தியது.

#13 செம்மண்

இரண்டு துணைக் கேள்வி. முன்சா சதுப்பில் 5,000 ஆண்டுக்கு முந்திய வாழை என்று ஒரு செய்தி உண்டே, அது நிற்கிறதா? கண்ணாடி மணிகள் இந்தியாவிலிருந்து வந்தவை என்று நம்மவர்கள் பகிர்வதும் சரியா?

#14 ஓட்டுச்சில்லு

வாழை: லெஜ்ஜு, ராபர்ட்ஷா, டெய்லர் மூவரும் 2006-இல் வெளியிட்டது. சதுப்பு வண்டலில் எரிமலை வாய் வடிவ நுண்சிலிக்கா (செடியின் திசுவில் உருவாகி, செடி மக்கிய பிறகும் மண்ணில் மிஞ்சும் துகள்) கண்டார்கள். வண்டலின் காலம் கி.மு. நான்காம் ஆயிரமாண்டு. வாழைக்கும் அதன் உறவான காட்டு என்செட்டுக்கும் இந்த வடிவம் நெருங்கியது. வாயின் விளிம்பைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். பிறகு வந்த விமர்சனம் அடையாளத்தை விடக் காலத்தைத்தான் அதிகம் கேட்டது: வண்டல் அடுக்கு கலையாமல் இருந்ததா? நுண்சிலிக்காவை நேரடியாகக் காலம் கணிக்காமல், பக்கத்து மண்ணை வைத்துச் சொன்னால் இந்தக் கேள்வி தீராது. எனக்கு அந்தத் தேதி இன்னும் நிற்கவில்லை.

மணி: கிழக்காப்பிரிக்கக் கரையில் 9ஆம் நூற்றாண்டு வாக்கிலிருந்து தெற்காசிய அலுமினா மிகுந்த சோடாக் கண்ணாடி ஏராளம். அது உண்மை. ஆனால் ஒரு மணியை நிறமும் வடிவமும் பார்த்து ஊர் சொல்ல முடியாது. லேசரால் நுண்துளையிட்டு அலுமினா, யுரேனியம் போன்றவற்றின் அளவு பார்த்தால்தான் தெரியும். பகிர்வதற்கு முன் அந்த அட்டவணையைக் கேளுங்கள். தமிழருக்கு உறுதியான தொடர்பு வேண்டுமென்றால் தானியக் குழிப் பக்கம் பாருங்கள்: கேழ்வரகின் பூர்வீகம் கிழக்காப்பிரிக்க மேட்டுநிலம்.

#15 கசடுக்கல்

முதல் கேள்விக்குத் திரும்புகிறேன், ஏனென்றால் உலையைக் காலம் கணிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. உலைக் கரியை நேரே அனுப்பினால் சிக்கல். வைரம் பாய்ந்த மரத்தின் நடுப்பகுதி நூறு இருநூறு ஆண்டு பழையதாகக் காட்டும். ஆனால் குழிக்கசடின் அடியில் சிக்கிய கரிந்த புல் ஓராண்டுப் பயிர். கசடு அதை மூடிவிட்டதால் கறையானும் நகர்த்த முடியாது. கட்டியை உடைத்து, உள்ளே இருக்கும் கரியை மட்டும் சில மில்லிகிராம் எடுத்தால் ஏ.எம்.எஸ். (மிகச் சிறு மாதிரியிலும் கார்பன்-14 அளக்கும் முறை) கணிப்புக்குப் போதும். வெளிப்பக்கம் ஒட்டிய கரியைத் தொடவே தொடாதீர்கள்.

புன்யோரோ வட்டாரத்தில் 19–20ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் உருக்குவதை வீடுகளிலிருந்து விலக்கி, பெண்களும் அந்நியரும் வராத இடத்தில் செய்ததாகச் சொல்கின்றன. அந்த வழக்கம் பழையதென்றால், ஊர் நடுக் குன்றில் உலை இருப்பதே வினோதம். குன்றில் ஊர் இல்லாத ஒரு காலத்தில் உருக்கினார்களோ என்று சந்தேகப்பட அதுவே காரணம். ஆனால் வழக்கத்தைப் பின்னோக்கி 500 ஆண்டு இழுப்பது ஆபத்து. காலக்கணிப்புதான் தீர்க்க வேண்டும்.

#16 தென்கரை

ஒருவேளை இரண்டும் ஒரே நூற்றாண்டில் விழுந்தால்? மேலே சொன்ன அந்தப் படுத்துக்கிடக்கும் வளைவுக்குள் இரண்டும் போய்விடுமே.

#17 அடுக்குவரி

போகும். அப்போது தேதியை நம்பாமல் மண்ணைத்தான் கேட்க வேண்டும். குன்றின் சரிவு உள்ளகழியைத் தொடும் இடத்தில், கரையையும் அகழியையும் சேர்த்து 2 மீட்டர் அகலத்தில் குறுக்காக ஒரே குழி. 10 செ.மீ. என்று கண்ணை மூடிக்கொண்டு இறங்காமல், அடுக்கு மாறும் இடத்தில் நிறுத்தி இறங்குங்கள். கரைக்கு அடியில் மூடப்பட்ட பழைய தரையில் உருக்கல் கசடு இருந்தால் உலை முந்தியது. அந்தத் தரை சுத்தமாக இருந்து, அகழியின் முதல் வண்டலில் கசடு வந்தால் உலை வேலை அகழி வெட்டிய பிறகு நடந்தது. இரண்டிலும் இருந்தால், மேலே கசடுக்கல் சொன்னபடி வகைவாரியாக எடை போட்டு, எந்த அடுக்கில் விளிம்பு கூர்மையாகவும் எதில் உருண்டு மழுங்கியும் இருக்கிறது என்று பாருங்கள். மழுங்கியது மேலிருந்து வந்த பழைய சரக்கு.

கரி இல்லாத அடுக்கில் ஓ.எஸ்.எல். (மணல் துகள் கடைசியாக வெயில் பார்த்த காலத்தைச் சொல்லும் முறை) கணிப்புக்கு எஃகுக் குழாயைச் சுவரில் அடித்து, வெளிச்சம் படாமல் இரு முனையையும் மூடி எடுங்கள். முதல் வண்டலை அதற்குத் தேராதீர்கள். சரிந்து விழுந்த கட்டி வெயில் பார்த்திருக்காது, காலம் பன்மடங்கு கூடிவிடும். மெல்லிய இரண்டாம் வண்டலிலிருந்து எடுங்கள். கறையான் வளை தெரிந்தால் அந்த இடத்தை விட்டு அரை மீட்டராவது தள்ளுங்கள். கறையான் மேல் மண்ணைக் கீழேயும் கீழ் மண்ணை மேலேயும் சலித்துப்போடும்.

#18 செம்மண்

கரை மிஞ்சியிருக்கும் இடம் வேண்டும் என்பதுதான் முடிச்சு. அகழிகள் பல இடத்தில் வாழைத்தோட்டத்துக்கும் உழவுக்கும் நடுவே கிடக்கின்றன. வெயில் பருவத்தில், காலை முதல் ஒரு மணி நேரத்தில், தாழ்வான வெயிலில் ட்ரோன் படம் எடுத்தால் 20 செ.மீ. மேடும் நிழல் காட்டும்; புல் வளர்ந்த பிறகு எடுத்தால் அகழி பச்சையாகத் தெரியும், கரை தெரியாது. இரண்டு பருவப் படத்தையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கரை நீடிக்கும் துண்டுகளை முதலில் குறிப்போம். குழி போடும் பேச்சு அதற்குப் பிறகு.